காவல் மந்தியும் கருவேலம் பிசினும்

காட்டுக்குள் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பெரிய அத்திமரம். அந்த மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது.

அந்தக் காட்டில் சிறுத்தையும் இருந்தது. அதனால் குரங்குகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. மற்றவர்கள் கீழே இறங்கித் தின்னும்போது ஒரு மந்தி மட்டும் உச்சிக் கொம்பில் காவல் இருக்கும். சிறுத்தையைக் கண்டால் அது கத்தக் கூடாது. கத்தினால், "நம்மளைப் பார்த்துட்டாங்க" என்று சிறுத்தை அந்த நிமிஷமே பாய்ந்து, கைக்கு எட்டினதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் காவல் மந்தி முகத்தால்தான் சேதி சொல்லும்.

புருவத்தை உச்சந்தலைக்கு ஏற்றி உதட்டைக் குவித்தால், சிறுத்தை. வாயை ஒரு பக்கமாக இழுத்தால், பாம்பு. மூக்கைச் சுருக்கினால், கழுகு. முகம் சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தின்னலாம். கீழே இருப்பவர்கள் ஒரு வாய் தின்பார்கள், ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்ப்பார்கள். சேதி கிடைத்தால் சத்தம் காட்டாமல் மரம் ஏறிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் காவலுக்குக் கெட்டிக்காரி மந்தாரை. வேறு மந்தி புருவத்தை ஏற்றினால், தூக்கம் கலைகிறதோ என்று தோன்றும். மந்தாரை ஏற்றினால் குளத்துத் தவளைகூட மரம் ஏறப் பார்க்கும். அப்படி ஒரு முகம்.

காவல் இல்லாத நேரத்திலும் அந்த முகம் சும்மா இருக்காது. குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்தால் சிரிப்பாள். கொக்கு வழுக்கி விழுந்தால் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து அவள் வாய்க்கு இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது.

அவளுக்குத் தொத்தன் என்று ஒரு குட்டி. பால் குடித்து முடித்ததும் அவன் ஒரு விரலை அந்தக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வான். அப்படியே கண் சொருகிவிடுவான். விரல் அங்கே இல்லாவிட்டால் தூக்கம் கிடையாது.

மந்தாரை அந்தக் கோட்டைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது அவள் நாத்தனார் சிலுப்பி.

கருமலைக் குரங்குகள் சிலுப்பியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து சிலுப்பி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். ஒரு நாள் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் அண்ணியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க வாயோரத்துல என்ன இது, எறும்பு போற தடம் மாதிரி?"

"எங்கே?"

"ரெண்டு பக்கமும்தான். நெத்தியில வேற நாலு. அவங்க வரும்போது நீங்க என் பக்கத்துல நிப்பீங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க?"

"உங்களை என் அம்மான்னு நினைச்சுருவாங்க அண்ணி."

சொல்லிவிட்டுச் சிலுப்பி இன்னொரு பேனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சொன்னவளுக்கு அத்தோடு மறந்துபோயிற்று. கேட்டவளுக்கு மறக்குமா?

மந்தாரை குளத்தில் போய் எட்டிப் பார்த்தாள். கோடு இருந்தது. காற்று அடித்துத் தண்ணீர் அலைந்தது. ஒரு கோடு ஒன்பது கோடாகத் தெரிந்தது.

அந்தக் காட்டில் அழகு வைத்தியம் பார்ப்பது புனுகுப்பூனைதான். பாறைப் பொந்தில் கடை போட்டிருந்தது. அதன் மேலிருந்து வரும் புனுகு வாசம் பொந்துக்கு வெகு தூரத்திலேயே மூக்கைப் பிடித்து இழுக்கும். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மந்தாரை, தொத்தனைச் சிலுப்பியிடம் விட்டுவிட்டு, ஒரு சீப்பு காட்டு வாழைப்பழத்தோடு அங்கே போய் நின்றாள்.

"வா கண்ணு" என்றது பூனை. "நீ சொல்லவே வேண்டாம். வாயோரக் கோடு. நெத்திக் கோடு. கண்ணோரத்துல கோழி கிளறின மாதிரி வேற. ரொம்பச் சிரிப்பியோ?"

"கொஞ்சம் சிரிப்பேன் அக்கா."

"அதான் வினை. நான் சிரிச்சு யாராவது பார்த்திருக்காங்களா?"

மந்தாரைக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வைத்தியம் பல விதம் இருக்கு" என்று பூனை ஆரம்பித்தது. "அட்டை விடலாம். கெட்ட ரத்தத்தை உறிஞ்சிட்டா முகம் வெளுத்துரும். நண்டைக் காதுக்குப் பின்னாடி கட்டிவிடலாம். அது தோலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், சுருக்கம் நிமிர்ந்துரும்."

"எவ்வளவு நேரம் இழுக்கும்?"

"எப்பவும்தான். நண்டை அவுத்தா தோல் பழையபடி தொங்கிருமே."

"வேற ஏதாவது இருக்கா அக்கா?"

"இருக்கே. குளவிக் கொட்டு. கோட்டுமேலேயே கொட்ட விட்டா அந்த இடம் வீங்கிக்கிட்டு வரும். பள்ளம் மேடாயிரும். அதுக்குமேல கருவேலம் பிசினை முட்டை வெள்ளையில குழைச்சுப் பூசினா முடிஞ்சுது. மூஞ்சி உரிச்ச பலாக்கொட்டை மாதிரி வழவழன்னு இருக்கும்."

"வலிக்குமா?"

"அழகுக்கு வலி உண்டு கண்ணு. ஆனா வலி உனக்கு, எனக்கில்லே. அதனால நான் தைரியமாச் சொல்றேன்."

மந்தாரை தயங்கினாள். பூனை விடவில்லை.

"நம்ம குளத்து ஆமையைத் தெரியுமா? கழுத்தெல்லாம் சுருக்கம். நான்தான் வைத்தியம் பார்த்தேன். இப்போ பார்த்தா நம்பவே மாட்டே."

"ஆமை தலையை வெளியே நீட்டுறதே இல்லையே அக்கா?"

"எப்படி நீட்டுவான்? அவ்வளவு அழகாயிட்டான். கண்ணு பட்டுரும்னு உள்ளேயே இருக்கான்."

அது நியாயமாகத்தான் பட்டது மந்தாரைக்கு. "சரி அக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

குளவி வந்தது. அது யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "எங்கே கொட்டணும்? சீக்கிரம் சொல்லு. எனக்குக் கூடு கட்டுற வேலை இருக்கு" என்றது.

இடது கோட்டில் கொட்டியது. மந்தாரை துள்ளி எழுந்து பொந்தின் கூரையில் இடித்துக்கொண்டாள். இடது கன்னம் விளாங்காய் மாதிரி வந்துவிட்டது. வலது கன்னம் பழையபடி கிடந்தது.

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லாயிருக்காதே" என்றது பூனை.

வலது பக்கமும் கொட்டியது. இப்போது வலது கன்னம் பெரிதாகிவிட்டது. சமன் பார்த்துச் சமன் பார்த்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கொட்டி முடிக்கும்போது மந்தாரையின் மூக்கு இரண்டு மலைக்கு நடுவில் ஒளிந்துகொண்டது.

பிறகு பிசின். நெற்றி, புருவம், கன்னம், உதடு எல்லா இடத்திலும் தடவியது. கடைசியாகப் பூனை தன் புனுகையும் எடுத்துக் கழுத்து, மார்பெல்லாம் பூசிவிட்டது.

"குரங்கு வாடையெல்லாம் போயே போச்சு. இனிமேல் கேட்டுக்கோ. சிரிக்கக் கூடாது. அழக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. தண்ணி மட்டும் மூஞ்சியில படவே கூடாது, பிசின் கரைஞ்சுரும். இன்னொண்ணு, வாயைத் திறக்காதே."

மந்தாரை சரி என்று சொல்லப் பார்த்தாள். "ம்ம்" என்றுதான் வந்தது. பிசின் காயத் தொடங்கியிருந்தது.

முழுக்கக் காய மறுநாள் காலை ஆயிற்று. தொத்தன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது அவளுக்கு. என்ன செய்ய, ஒரு நாள்தானே என்று பொறுத்துக்கொண்டாள்.

அவள் வந்து சேர்வதற்குள் கருமலைக் குரங்குகள் வந்துவிட்டார்கள். அத்திமரத்தடியில் ஒரே கூட்டம். மந்தாரைக்குப் பதிலாகக் காவலுக்கு உட்கார்ந்திருந்த மந்தி, "ஏன் இவ்வளவு நேரம்? பழமெல்லாம் தீர்ந்துரும் போல" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பசியில் அவள் மந்தாரையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மந்தாரை பின்பக்கக் கிளை வழியாக ஏறி உச்சிக் கொம்பில் உட்கார்ந்தாள்.

கீழே பார்த்தாள். தொத்தன் குளத்தோரத்தில் மற்ற குட்டிகளோடு சேறு அள்ளி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்து போயிற்று அவளுக்கு. சிரிக்கப் பார்த்தாள். முகம் அசையவில்லை.

சிலுப்பி நிமிர்ந்து பார்த்தாள். "அதோ, அதுதான் எங்க அண்ணி" என்று பெருமையாகக் கைகாட்டினாள். பிறகுதான் முகம் கண்ணில் பட்டது. "ஐயோ, அண்ணிதானே?"

மாப்பிள்ளையின் அம்மா பேர் கொன்றை. உடம்பு பெருத்தவள், வாயும் கொஞ்சம் பெரிசு. அவள் மேலே பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"சம்பந்தியம்மா, சவுக்கியமா?"

மந்தாரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுப் பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எங்க பையனைப் பிடிச்சிருக்கா?"

மந்தாரை உள்ளுக்குள் சிரி சிரி என்று சிரித்தாள். வெளியே பலாக்கொட்டை மாதிரி ஒரு முகம் உட்கார்ந்திருந்தது.

கொன்றையின் சிரிப்பு சுருங்கியது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "பார்த்தியா? வந்தவங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு உண்டா? நம்ம பையன் இவங்களுக்குக் கொறைச்சலாப் போயிட்டான் போல."

"அதெல்லாம் இல்லீங்க. எங்க அண்ணி சிரிக்கிற ஆளுதாங்க" என்றாள் சிலுப்பி.

"எப்போ சிரிப்பாங்க? நாங்க கிளம்பின பிறகா?"

மாப்பிள்ளை மட்டும் தலை நிமிராமல் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் மந்தாரை அதைப் பார்த்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம் கோரைப்புல் அசைந்தது. காற்று இல்லை. புல்லுக்குள் இரண்டு மஞ்சள் கண். அது குட்டிகள் விளையாடும் பக்கமாகத்தான் ஊர்ந்து வந்தது.

மந்தாரை புருவத்தை உச்சந்தலைக்கு ஏற்றினாள். ஏற்றினாள் என்று அவள் நினைத்தாள். புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. உதட்டைக் குவித்தாள். உதடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கீழே இருந்தவர்கள் ஒரு வாய் தின்றார்கள். வழக்கப்படி நிமிர்ந்து பார்த்தார்கள். முகம் சும்மா இருந்தது. ஒன்றும் இல்லை என்று திரும்பவும் குனிந்தார்கள்.

கத்தக் கூடாதுதான். ஆனால் இப்போது கத்தினால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"ம்ம்ம்ம்."

"பாட்டு வேற" என்றாள் கொன்றை. "நம்ம மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம பாடிக்கிட்டு இருக்கா."

மந்தாரை அத்திப்பழத்தைப் பறித்துக் கீழே எறிந்தாள். ஒன்று, இரண்டு, கொத்துக் கொத்தாக எறிந்தாள். "உபசாரம் பலமா இருக்கே" என்று மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தான். ஓடி ஓடிப் பொறுக்கினான். மற்றவர்களும் பொறுக்கினார்கள். நிமிர்ந்து பார்க்கிற ஒன்றிரண்டு பேரும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சிறுத்தை வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்தது. அதன் பின்னங்கால் மடங்கியது. தொத்தன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேறு பிசைந்துகொண்டிருந்தான்.

அதற்குமேல் மந்தாரை யோசிக்கவில்லை. உச்சிக் கொம்பிலிருந்து ஒரே குதியாகக் குதித்தாள். கிளை ஒடிய, இலை பறக்க, தொத்தனுக்கு முன்னால் வந்து விழுந்தாள். வாரி எடுத்தாள்.

தொத்தன் நிமிர்ந்து பார்த்தான். வீங்கி, பளபளத்து, அசைவே இல்லாத ஒரு முகம். மோந்து பார்த்தான். அம்மா வாசம் இல்லை. பூனை வாசம்.

"ஐயோ பேய்! அம்மா, பேய் என்னைப் பிடிச்சிருச்சு!"

அப்படி ஒரு கத்தல் அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை. கருமலைக் குரங்கு எது, அத்திமரக் குரங்கு எது என்று இல்லாமல் எல்லாம் விழுந்தடித்து மரத்தில் ஏறின. மற்ற குட்டிகள் யார் வயிறு கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டு தொங்கின.

கத்தல் கேட்டதும் சிறுத்தையும் பாய்ந்தது. மந்தாரை திரும்பினாள். சிறுத்தை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நின்றே விட்டது.

"என்ன இது?" என்றது சிறுத்தை. "சுரைக்காய்க்குக் கண்ணு முளைச்சிருக்கு?"

சிறுத்தை யோசித்த அந்த நேரம் போதும். மந்தாரை குட்டியோடு அத்திமரத்தின் பாதி உயரம் ஏறிவிட்டாள். சிறுத்தை கொஞ்ச நேரம் மரத்தைச் சுற்றி வந்தது. "விஷக்காயா இருந்தாலும் இருக்கும், நமக்கெதுக்கு" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு போய்விட்டது.

எல்லோரும் பிழைத்தார்கள். மந்தாரைக்குத்தான் உயிர் போயிற்று.

ஏனென்றால், தொத்தன் அவள் கையைக் கடித்துவிட்டுச் சிலுப்பியிடம் தாவிவிட்டான். சிலுப்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அத்தை, எனக்கு எங்க அம்மா வேணும்" என்று அழுதான்.

"இதான்டா உங்கம்மா" என்றாள் சிலுப்பி.

"இது இல்லே."

மந்தாரை கையை நீட்டினாள். தொத்தன் இன்னும் உள்ளே ஒடுங்கினான். அவள் அழப் பார்த்தாள். அழக்கூட முகம் இடம் கொடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் பிசின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

சிலுப்பிக்கு அப்போதுதான் தான் சொன்னது ஞாபகம் வந்தது. "எறும்புத் தடம்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி. விடிய விடிய இவன் விரலை வச்சுக்கிட்டு என் கன்னத்தைக் குடைஞ்சான். இவனுக்கு வேண்டிய கோடு என்கிட்ட இல்லை. ரெண்டு பேருமே தூங்கலை."

மந்தாரை அதைக் கேட்டாள். இறங்கினாள். நேரே குளத்துக்குப் போனாள். பூனை எதைச் செய்யாதே என்று சொன்னதோ அதைச் செய்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

பிசின் லேசில் விடுமா? ஊறினால்தான் இளகும். மூச்சு முட்டும்வரை அமுக்குவாள், நிமிர்வாள், திரும்ப அமுக்குவாள். சிலுப்பி கூட வந்து உட்கார்ந்து தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். தொத்தன் அவள் முதுகில் தொற்றிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான்.

கொன்றைக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அவளும் இறங்கி வந்தாள். "நகரு, நான் எடுக்கிறேன். பேன் எடுக்கிற கைக்குப் பிசின் எம்மாத்திரம்" என்று உரிக்க ஆரம்பித்தாள். பிசினோடு சேர்ந்து புருவ முடியும் வந்தது.

அந்தச் சத்தத்தில் ஆமை தண்ணீருக்கு மேலே வந்து கழுத்தை நீட்டியது. கழுத்து முழுக்கச் சுருக்கம். மடிப்புக்கு மடிப்பு பாசி படிந்திருந்தது.

"என்னங்கடி இது, குடிக்கிற தண்ணியைக் கலக்குறீங்க?"

சிலுப்பி கேட்டாள். "ஆமையாரே, உங்க சுருக்கத்தை எடுத்துவிட்டதாப் புனுகுப்பூனை காடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுதே, நெசமா?"

"எனக்கா? பூனையா?" ஆமை இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டியது. சுருக்கம் வந்துகொண்டே இருந்தது. "இந்தச் சுருக்கத்தை எடுத்துட்டா நான் எதை மடிச்சுத் தலையை உள்ளே வைக்கிறது?"

கொன்றை முதலில் சிரித்தாள். அவள் சிரித்தால் முகமே கசங்கின வாழை இலை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துச் சிலுப்பி சிரித்தாள். மந்தாரைக்குக் குபுக்கென்று வந்துவிட்டது. இளகிப்போயிருந்த பிசின் படக்கென்று வெடித்தது. வாய் திறந்தது. வீக்கத்துக்கு நடுவில், முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம், அந்தக் கோடு மெல்ல விழுந்தது.

தொத்தன் பார்த்தான். சிலுப்பியின் முதுகிலிருந்து ஒரு காலை எடுத்தான். திரும்ப வைத்தான். பிறகு தாவி வந்து மந்தாரையின் மடியில் விழுந்து, விரலை நீட்டி அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

"எங்கேம்மா போயிருந்தே?" என்றான். பதில் கேட்காமலே தூங்கிவிட்டான்.

கொன்றை ஒட்டியிருந்த கடைசிப் பிசினைப் பிய்த்து எறிந்தாள். "சம்பந்தம் முடிவாயிருச்சு. ஆனா கல்யாணத்துக்குள்ள புருவம் முளைக்கணும் சம்பந்தியம்மா. எங்க ஊர்ல சிறுத்தை வந்தா எப்படிச் சொல்லணும்னு நீங்க வந்துதான் காட்டித் தரணும்."

மறுநாள் புனுகுப்பூனை, வைத்தியம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அத்திமரத்தடிக்கு வந்தது. உச்சிக் கொம்பிலிருந்து மந்தாரை அதைப் பார்த்தாள். புருவம் இல்லாவிட்டாலும் நெற்றியை உச்சந்தலைக்கு ஏற்றினாள். உதட்டைக் குவித்தாள். கூட்டம் மொத்தமும் ஒரு சத்தம் இல்லாமல் மரம் ஏறி, கை நிறைய அத்திக்காயோடு பூனைக்காகக் காத்திருந்தது.

நம்மை நம்பி நம் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் இருக்கும்போது, அவர்களோடு சிரித்து விழுந்த கோட்டை அழிக்கப் போகிறவள் தன்னையே அழித்துக்கொள்கிறாள்.